பதில் வராத படிகள்: கல்கிசைக் கரையிலிருந்து ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இடது பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கங்கள். முதல் நான்கு வரிகளில் ஏதோ எண்கள். ஐந்தாவது வரியிலிருந்து முப்பதாவது வரி வரைக்கும் வெறும் நட்சத்திரக் குறிகள். கூடவே ஒரு குரல் பதிவு: "நம்மட லைனை நடுவில வெட்டிட்டாங்க, பாருங்க." பத்து நிமிடத்தில் அது மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது.

அனுப்பியவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. 2019 மே மாதத்தில் இதே பிழையை நாங்களே செய்தோம், கணினி படிப்பிக்கிற ஆசிரியர்களாக இருந்துகொண்டு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்த நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

கம்பி மௌனமானால் மனிதன் என்ன நினைப்பான் என்பதற்கு இணையத்தை விடப் பழைய உதாரணம் உண்டு. 1858இல் அத்திலாந்திக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கம்பியைப் போட்டார்கள். ஆகஸ்ட் 16ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் வாழ்த்துச் செய்தி அதன் வழியாக அமெரிக்காவுக்குப் போனது. 98 சொற்கள் போய்ச் சேர 16 மணித்தியாலம். ஊரெல்லாம் கொண்டாட்டம். மூன்று கிழமை சொச்சத்தில் கம்பி வாயடைத்துவிட்டது. உடனே ஒரு கூட்டம், அந்தக் கம்பி ஒருநாளும் வேலை செய்யவே இல்லை, எல்லாம் பங்குச் சந்தைக்காரரின் ஏமாற்று வேலை என்று சொல்லத் தொடங்கியது. பதில் வரவில்லை என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்பது மனிதனுடைய முதல் முடிவு. பொறியியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். கரையில் இருந்தபடியே கம்பியின் மின்தடையை அளந்து, முறிவு எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடப் பழகினார்கள். மௌனத்தையே அளக்கிற வித்தை அது.

அதே 1858இல் எங்கள் நாட்டிலும் கொழும்பையும் காலியையும் தந்திக் கம்பி இணைத்தது. இன்றைக்கு நாங்கள் 100, 101ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற அதே திசைதான்.

இனி ஒரு பாய்ச்சலில் 1983க்கு வருவோம். அந்த வருட டிசம்பரில், அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த மைக் மூஸ், தன் வலையமைப்பில் ஏதோ கோளாறு என்று கண்டு ஒரு சின்ன நிரலை எழுதினார். ஒரு பொதியை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்கும். இருந்தால் "இருக்கிறேன்" என்று பதில் வரும். நீர்மூழ்கிகளைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சத்தத்தை வைத்து அதற்கு 'பிங்' என்று பெயர் வைத்தார். இருக்கிறாரா இல்லையா என்பதற்கு மேல் பிங் எதுவும் சொல்லாது. எந்த வழியாகப் போனது, நடுவில் எங்கே நின்றது என்று கேட்டால் தெரியாது.

வழியைக் காட்டியது 'ட்ரேஸ்ரூட்'. ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையை வைத்து, கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் வான் ஜேக்கப்சன் என்பவர் 1980களின் பிற்பகுதியில் எழுதினார். அந்த யோசனையின் அழகை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது ஒவ்வொரு வருடமும் எங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

இணையத்தில் போகிற ஒவ்வொரு பொதியின் நெற்றியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். அதை ஆயுள் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 255க்கு மேல் போகாது. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமாகிவிட்டால் அந்த ரவுட்டர் பொதியைத் தூக்கி எறிந்துவிட்டு, "உன் பொதி என்னிடத்தில் இறந்துவிட்டது" என்று அனுப்பியவருக்கு ஒரு அறிவித்தல் அனுப்பும். வழி தெரியாமல் வட்டமடிக்கிற பொதிகள் காலம் முழுக்கச் சுற்றாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. 1981இல் எழுதிய இணைய விதிகளிலேயே இருக்கிறது.

ட்ரேஸ்ரூட் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. ஆயுள் 1 என்று எழுதி ஒரு பொதியை அனுப்பு. முதல் ரவுட்டரில் அது இறக்கும், அந்த ரவுட்டர் தன் முகவரியோடு அறிவித்தல் அனுப்பும். அடுத்து ஆயுள் 2, பிறகு 3. ஒவ்வொரு மரண அறிவித்தலும் வழியில் ஒரு படியைக் காட்டிக்கொடுக்கும். வழி சொல்வதற்காக எந்த ரவுட்டரையும் யாரும் செய்யவில்லை. அவை மையத்துச் செய்தி சொல்ல மட்டும்தான் பழகியிருந்தன. அந்தச் செய்திகளை வரிசையாக அடுக்கி மனிதன் ஒரு வரைபடம் செய்துகொண்டான்.

ஒவ்வொரு படிக்கும் மூன்று பொதிகள் போகும். குறித்த செக்கன்களுக்குள் பதில் வராவிட்டால் திரையில் ஒரு நட்சத்திரக் குறி. மூன்றுக்கும் வராவிட்டால் மூன்று. ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் சலாம் சொல்லி, பதில் இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் வரும். அதில் இன்னொன்றும் உண்டு. பதில் வரவில்லை என்பதற்காக, உள்ளே ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு போக அந்த ஒழுக்கம் எங்களுக்கு அனுமதி தரவில்லை. வீட்டுக்காரர் தூங்கலாம், குளிக்கலாம், திறக்க விருப்பம் இல்லாமலும் இருக்கலாம்.

நட்சத்திரங்களின் சங்கடம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. ட்ரேஸ்ரூட்டோடு வந்த கையேட்டில் உள்ள ஓர் உதாரணம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். பேர்க்லி பல்கலைக்கழகத்தின் ஒரு கணினிக்கு வழி தேடுகிறார்கள். ஆறு படிகள் ஒழுங்காக வருகின்றன. 7 முதல் 12 வரை வெறும் நட்சத்திரம். 13இல் திடீரென்று தேடிய கணினியே பதில் சொல்கிறது. நடுவில் ஆறு ரவுட்டர்கள் ஒளிந்திருக்கின்றன என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தக் கணினி ஏழாவது படியிலேயே இருந்தது, ஒவ்வொரு தரமும் பதிலும் சொன்னது. ஆனால் அதன் மென்பொருளில் ஒரு பிழை. பதில் கடிதத்துக்குப் புதிதாக ஆயுள் எண் போடாமல், வந்த பொதியில் மிச்சமிருந்த ஆயுளையே எழுதி அனுப்பியது. அதனால் பதில்கள் எல்லாம் திரும்பி வரும் வழியில் செத்துப்போயின. போக ஏழு, வர ஏழு என்று வழியின் இரு மடங்குக்கு ஆயுள் கிடைத்த பிறகுதான் பதில் வீடு வந்து சேர்ந்தது.

அதே கையேட்டில் இன்னொரு பட்டியல். எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் பல படிகள் மௌனம். சிலவற்றுக்கு எழுதியவர் காரணம் சொல்கிறார்: அந்த ரவுட்டர்களின் மென்பொருள் மரண அறிவித்தல் அனுப்புவதே இல்லை. 12ஆவது படி பற்றி மட்டும் கையை விரித்துவிட்டு ஆண்டவனிடம் ஒப்படைத்துவிடுகிறார். கருவியைச் செய்த மனிதரே அப்படி எழுதியிருக்கும்போது, வட்ஸ்அப் குழுவில் நாங்கள் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம்!

அந்தக் காலத்தில் மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு. பிறகு மௌனம் ஒரு கொள்கையாக மாறியது. 1990களின் பிற்பகுதியில், பிங் பொதிகளையே ஆயுதமாக்கிப் பெரிய கணினிகளை மூச்சுத் திணற வைக்கும் தாக்குதல்கள் வந்தன. 2003 ஆகஸ்டில் வெல்ச்சியா என்ற புழு, உயிரோடு உள்ள கணினிகளைத் தேட உலகம் முழுக்கப் பிங் அனுப்பியே வலையமைப்புகளை அடைத்தது. நிர்வாகிகள் அலுத்துப்போய் "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதே" என்று தங்கள் இயந்திரங்களுக்குக் கட்டளை போட்டார்கள். பலரும் அதைப் பிறகு கழற்றவே இல்லை.

இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. பெரிய ரவுட்டரில் பொதிகளைக் கடத்துவது அதற்கென்றே உள்ள வேகமான சில்லுகள். மரண அறிவித்தல் எழுதுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சின்ன மூளை. அதற்கு வேலை கூடினால் அறிவித்தலைத்தான் முதலில் விட்டுவிடும். கடையில் கூட்டம் நிறையும்போது முதலாளி சாமான் கொடுப்பதை நிறுத்த மாட்டார், உங்கள் சுகம் விசாரிப்பதைத்தான் நிறுத்துவார். நடுவில் ஒரு படியில் நட்சத்திரம் வந்து அதற்குக் கீழே மீண்டும் எண்கள் வந்தால், கவலைப்பட அங்கே ஒன்றும் இல்லை. பொதி அந்தப் படியைத் தாண்டிப் போயிருக்கிறது.

கடைசி வரை நட்சத்திரமாகவே போனால்தான் தலைவலி. வழி உண்மையிலேயே அறுந்திருக்கலாம். அல்லது பொதி வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்து, வீட்டுக்காரர் வாய் திறக்காமல் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படிகளில் ஒரு முக்கியமான படி எங்கள் காலடியிலேயே இருந்தது. இலங்கையில் பல்கலைக்கழகங்கள் 1990 அளவில் மின்னஞ்சலைத் தொடங்கின. அதே வருடம்தான் எங்கள் நாட்டின் 'எல்கே' என்ற இணையப் பெயரும் கிடைத்தது. 1995இல் வியாபார ரீதியான இணையச் சேவை வந்தது. பிறகு, தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த சீமீவீ-3 என்ற கடலடிக் கேபிள் 1999 அளவில் இயங்கத் தொடங்கியது. சுமார் 39,000 கிலோமீற்றர் நீளம். ஜேர்மனியிலிருந்து ஜப்பானும் அவுஸ்திரேலியாவும் வரை. அதன் இறங்குதுறைகளின் பட்டியலில் சிங்கப்பூர், மும்பாய், ஜித்தா என்ற பெயர்களோடு எங்கள் கல்கிசையின் பெயரும் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த பாரத்-லங்கா கேபிளும் கல்கிசையில்தான் கரையேறியது. பின்னேரம் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய் கச்சான் சாப்பிடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் கேபிளின் அருமை 2004 ஆகஸ்டில் விளங்கியது. கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் அதில் மாட்டிச் சேதப்படுத்தியது. நாடு முழுக்க இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் படுத்துவிட்டன. அடுத்த வருடமே சீமீவீ-4 வந்தது, பிறகு மாத்தறையில் சீமீவீ-5 இறங்கியது. இன்றைக்கு ஒரு கம்பி போனால் இன்னொன்று தாங்கும்.

கடல் கேபிளை ட்ரேஸ்ரூட்டில் பார்க்கலாம். ஒளி கண்ணாடி இழைக்குள் செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய் வருகிற நேரமாகக் கணக்கிட்டால், 100 கிலோமீற்றருக்கு ஒரு மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர், ஆகவே 27 மில்லிசெக்கனுக்குக் குறைந்து அங்கிருந்து பதில் வரவே முடியாது. லண்டன் என்றால் 87. நான்காவது படியில் 3 மில்லிசெக்கன் என்று வந்து, ஐந்தும் ஆறும் நட்சத்திரமாகி, ஏழில் 45 என்று வந்தால், அந்த இரண்டு நட்சத்திரங்களுக்குள் எங்கோ ஒரு கடல் இருக்கிறது. பேசாத படியும் தன் தூரத்தை மறைக்க முடியாது. 1858இல் கரையில் இருந்து மின்தடையை அளந்தவர்கள் செய்த வேலையின் பேரப்பிள்ளைதான் இது. (பதில் வேறு வழியால் சுற்றி வரவும் கூடும், ஆகவே இதையும் இரும்புச் சட்டமாக எடுக்க வேண்டாம்.)

இனி 2019.

அதற்கு முந்திய வருடமே எங்களுக்கு ஒரு அனுபவம் இருந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எங்கள் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டபோது, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் தடுக்கப்பட்டன. வட்ஸ்அப், வைபர் முதலில் வந்தன, பேஸ்புக் 15ஆம் திகதி திறந்தது. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு மீண்டும் தடை, 30ஆம் திகதி நீக்கினார்கள். மே 13ஆம் திகதி, நோன்பு மாதம், குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் கலவரம் பரவியது. மறுபடியும் தடை. ஊரடங்குச் சட்டம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாச்சி, மகளை மினுவாங்கொடைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். நோன்பு திறந்த பிறகு போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு அனுப்பிய செய்தியில் ஒரு சரிக் குறி மட்டும். சாதாரண அழைப்புக்கும் பதில் இல்லை. "சேர், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களே, என்ன நடக்குதெண்டு."

நாங்கள் மடிக்கணினியைத் திறந்தோம். பெயர் போன ஓர் இணையத்தளத்துக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டினோம். நான்கு வரிகள் வந்தன. பிறகு முப்பது வரைக்கும் நட்சத்திரம். சுற்றி நின்றவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள், தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். "நாட்டுக்கு வெளியே போற லைனையே வெட்டிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டோம்.

அந்த ஒரு வசனம் பத்து நிமிடத்தில் ஒழுங்கையின் மறுபக்கத்துக்குப் போனது. அரை மணித்தியாலத்தில் எங்களுக்கே திரும்பி வந்தது, இப்போது "இண்டைக்கு ராவு போனும் நிக்குமாம், கரண்டும் நிக்குமாம்" என்று வளர்ந்து. சாச்சி அன்றிரவு படுக்கவில்லை. மகளுக்கு மீண்டும் அழைப்பு எடுக்கவும் இல்லை. லைன் இல்லை என்று நாங்கள் சொன்னோமே, பிறகு ஏன் எடுக்க வேண்டும்? சஹருக்குப் பிறகு மகளே பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து எடுத்தார். அவர்கள் முதல் நாள் பின்னேரமே சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள், போனின் பற்றரி இறந்திருந்தது. இரவு முழுக்க அந்த வீட்டுத் தொலைபேசி வேலை செய்தது. அந்த வீட்டு இலக்கம் சாச்சியிடமும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, எல்லாம் அடங்கிய ஒரு நாளில், நாங்கள் அதே இணையத்தளத்துக்கு அதே ட்ரேஸ்ரூட்டை ஓட்டிப் பார்த்தோம். நான்கு வரிகள், பிறகு முப்பது வரைக்கும் நட்சத்திரம். தளமோ பக்கத்து ஜன்னலில் படங்களோடு அழகாகத் திறந்திருந்தது. அந்தத் தளம் சமாதான நாளிலும் ட்ரேஸ்ரூட்டுக்குப் பதில் சொல்வதில்லை. அன்றிரவு நாங்கள் பார்த்தது தடையையும் அல்ல, வெட்டையும் அல்ல. அதை நாங்கள் சாதாரண நாளில் ஒருதரமாவது ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

தடை என்பதும் ஒரே விதமானது அல்ல. முகவரியையே மறித்தால் ட்ரேஸ்ரூட் சேவைக் கொம்பனியின் எல்லையில் நின்றுவிடும். பெயரைத் தேடித்தரும் இடத்தில் மறித்தால் ட்ரேஸ்ரூட்டைத் தொடங்கவே முடியாது, அல்லது பிழையான வீட்டுக்குப் போகும். தளத்தின் பெயரைப் படித்துப் பார்த்து மறித்தால் ட்ரேஸ்ரூட் கடைசி வரை அழகாகப் போகும், பக்கம் மட்டும் திறக்காது. பலர் அந்த நாட்களில் வீபீஎன் போட்டிருந்தார்கள். அவர்கள் போனில் ஓட்டினால் தெரிவது அந்தச் சுரங்கத்துக்கு அப்பால் உள்ள வழி. 2007 ஜூனில் தமிழ்நெட் தளம் இந்த நாட்டில் தடுக்கப்பட்டு, 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் செய்தித் தளங்கள் மீதான தடைகள் நீங்கின. அவ்வளவு வருடமும் சாதாரண வாசகனுக்குத் தெரிந்தது "பக்கம் திறக்கவில்லை" என்பது மட்டும். தளம் செத்துவிட்டதா, மறித்துவிட்டார்களா, தன் வீட்டு இணைப்பில்தான் பிழையா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி தடை ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அதற்குள் நெட்புளொக்ஸ் போன்ற அமைப்புகள் பல இணைப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் அளந்து, இது தடைதான் என்று வெளியே சொல்லிவிட்டன. ஒருவருடைய திரையை வைத்து அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பதில் சொல்லாத வீட்டுக்கு வழி தேட ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் "இருக்கிறாயா?" என்ற கேள்விக்கு வாய் திறக்காவிட்டாலும், கடை நடத்துகிறார் அல்லவா? வாடிக்கையாளரைப் போலக் கதவைத் தட்டினால் திறந்துதானே ஆக வேண்டும். பழைய ட்ரேஸ்ரூட் யாரும் பாவிக்காத 33434ஆம் இலக்க வாசலில் தொடங்கித் தட்டும். விண்டோஸில் உள்ளது பிங் கேள்வியையே அனுப்பும். இரண்டையும் காவல் சுவர்கள் இலேசாக விழுத்திவிடும். 2001இல் மைக்கேல் டொரன் எழுதிய டிசிபி-ட்ரேஸ்ரூட், இணையப் பக்கங்கள் திறக்கிற 80ஆம், 443ஆம் இலக்க வாசல்களிலேயே தட்டியது, ஆயுள் எண்ணை அதே மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு. "வாருங்கள்" என்றாலும் பதில், "இந்தக் கதவு பூட்டு" என்றாலும் பதில். எது வந்தாலும் பெரும்பாலும் பொதி போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். நடுப்படிகள் அப்போதும் மௌனமாக இருக்கலாம், ஆனால் கடைசிப் படி பேசிவிடும். இன்றைக்கு லினக்ஸில் சாதாரண ட்ரேஸ்ரூட்டிலேயே இந்த வசதி இருக்கிறது, போனுக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன.

அன்றைக்கு நாங்கள் இதைச் செய்திருந்தால், அல்லது அந்தத் தளத்தை ஒருதரம் சாதாரணமாகத் திறந்தாவது பார்த்திருந்தால், சாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு: "வட்ஸ்அப் மறித்திருக்கிறார்கள். மற்ற லைன்கள் இருக்கின்றன. மகளின் பக்கத்து வீட்டுக்கு, மாமியார் வீட்டுக்கு, எல்லா இலக்கத்துக்கும் எடுத்துப் பாருங்கள்."

போன கிழமைப் படத்துக்கு வருவோம். நாங்கள் அதே தளத்துக்கு 443ஆம் வாசலில் தட்டிப் பார்த்தோம். பதினோராவது படியில் பதில் வந்தது. ஐந்து முதல் பத்து வரைக்கும் நட்சத்திரம்தான். ஐந்துக்கு முன் 4 மில்லிசெக்கன், பதினொன்றில் 52.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று அவரவர் வீட்டிலிருந்து, ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில், ஒரே ஐந்து தளங்களுக்கு இரண்டு விதமாகவும் ஓட்டி, திகதி, நேரம், எந்தச் சேவை என்று எழுதி வர வேண்டும். முதல் 23 தாள்கள் வந்துவிட்டன. கணினி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டில் பிள்ளை கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தால் ஏசாதீர்கள், அது வீட்டுப்பாடம். தாள் கொண்டுவர வெள்ளிக்கிழமை கடைசி நாள்.